தொடர்நூல்களும் மதிப்புரையும்

(ஒரு நூல் நிலையத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பல பாகங்களாக வெளிவரும் நூல்களைப் படிப்பவர்கள் தம் அபிப்பிராயத்தை எவ்விதம் எழுதவேண்டும், எழுதியதைப் பிற வாசகர்களோடு எவ்விதம் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது பற்றிப் பேசும்படி இந்நூல் நிலையத்தின் காரியதரிசி என்னைப் பணித்திருக்கிறார். தமிழ்நாட்டில் மிக விரும்பிப் படிக்கப்பட்ட நாவல்களுள் பல, பாகம் பாகமாக, அதற்கும் முன்னால் வாரம் வாரமாக, மக்களிடம் வந்து சேர்ந்தவை. அப்படியிருக்க, அவற்றைப் பற்றி நாம் எழுதியும் பேசியும் வந்திருக்கிற மதிப்புரைகளோ, ஏதோ ஒரே இரவில் ஒரே மூச்சில் ஒரே புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டவர்கள் எழுதியவை போலத் தோற்றமளிக்கின்றன. படித்த விதம் ஒன்றாகவும் எழுதிய விதம் வேறொன்றாகவும் இருக்கிற இந்த முரண்பாட்டைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

தொடர்நூல் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிட்டாலும், அந்தப் பெயருக்குள் வெவ்வேறு ஜாதி நூல்கள் அடங்கியிருக்கின்றன. தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளை எடுத்துக்கொண்டால், துப்பறிகிறவர் ஒருவரே. ஆனால் ஒவ்வொரு வழக்கும் அந்தந்தப் புத்தகத்திலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வருகிற நாவல்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இவற்றை எந்த வரிசையில் படித்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. மதிப்புரை எழுதுபவனுக்கும் தனிச் சங்கடம் எதுவும் இல்லை. இவற்றை இத்துடன் விட்டுவிடுகிறேன். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’, ‘கோபல்லபுரத்து மக்கள்’ ஆகியவை மற்றொரு வகை. கரிசல் காட்டில் குடியேறிய ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாறு முதல் நூலில் ஒரு கட்டம்வரை சொல்லப்பட்டு, பல ஆண்டுகள் கழித்து இரண்டாம் நூலில் தொடர்கிறது. 1991ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது இரண்டாவது நூல்தான். பரிசுச் செய்தியைக் கேட்டு அதனை மட்டும் வாங்கிப் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களுக்கு அந்நூல் குறையாகப் பட்டிருக்கவும் நியாயமில்லை. ஆயினும் முன்னதைப் படித்தவன் பின்னதில் காண்கிற ஆழம் வேறு. மதிப்புரை எழுதுபவன் தான் முன்னதைப் படித்தவனா, படிக்காதவனா என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால், வாசகன் அந்த அபிப்பிராயத்தை எந்தத் தராசில் வைத்து நிறுக்கவேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வான்.

உண்மையான சங்கடம், ஒரே கதை பல பாகங்களாகப் பிரிந்து நிற்கும்போது எழுகிறது. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ நான்கு பாகம். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம். சாண்டில்யனின் ‘கடல் புறா’ மூன்று பாகம். விமரிசனத்துக்கென்றே 1959ல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி, நாவலாசிரியர்களைச் சிறிதும் தயவு தாட்சணியமின்றி எடைபோட்டு வந்த சி. சு. செல்லப்பாகூடத் தம் முதிய பிராயத்தில் ‘சுதந்திர தாகம்’ என்ற நாவலை மூன்று பாகங்களாகத்தான் எழுதி வெளியிட்டார். இத்தகைய நூல்களுக்கு நம் பத்திரிகைகள் செய்கிற உபசாரம் என்ன? முதற்பாகம் வந்தவுடன் ஒரு மதிப்புரை, சற்று விரிவாகவே, வரும். இரண்டாம் பாகமும் மூன்றாம் பாகமும் ‘வரப்பெற்றோம்’ என்ற தலைப்பின் கீழ், விலையும் பக்க எண்ணும் பதிப்பகத்தின் பெயரும் மட்டும் தாங்கி, ஜோதிடப் புத்தகங்களுக்கும் சமையற் புத்தகங்களுக்கும் நடுவே இரண்டு வரியில் ஒதுங்கிக்கொள்ளும். கடைசிப் பாகம் வந்தபின் யாராவது ஒருவர் முழு நூலையும் பற்றிப் பொதுவாக ஒரு கட்டுரை எழுதுவார்; அதில் ஆசிரியரின் வர்ணனைத் திறமும் பாத்திரப் படைப்பும் மெச்சப்பட்டிருக்கும். இடையில் நிகழ்ந்தது என்ன, எந்தப் பாகத்தில் கதை வலுப்பெற்றது, எதில் தளர்ந்தது என்று அறிய விரும்புகிறவனுக்கு அவற்றில் ஒன்றும் அகப்படாது.

‘பொன்னியின் செல்வ’னையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இந்தச் சபையில் அதைப் படிக்காதவர்கள் சிலர் இருக்கக்கூடுமாதலால், கதையின் முடிச்சுகள் எதையும் அவிழ்க்காமலே பேச முயல்கிறேன். 1950 அக்டோபர் மாதம் ‘கல்கி’ வார இதழில் தொடங்கிய அக்கதை, மூன்றரை ஆண்டுக் காலம், மணியத்தின் சித்திரங்களோடு, நடந்து 1954ல் நிறைவெய்தியது. புதுவெள்ளம், சுழற்காற்று, கொலைவாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என்று ஐந்து பாகங்கள். அத்தியாயக் கணக்கைப் பார்த்தால் முதல் பாகத்தில் 57, இரண்டாவதில் 53, மூன்றாவதிலும் நான்காவதிலும் 46, ஐந்தாவதில் மட்டும் 91. மொத்தம் 293 அத்தியாயங்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கடைசிப் பாகமே எடுத்துக்கொண்டிருக்கிறது. மூன்றாம், நான்காம் பாகங்கள் இரண்டையும் சேர்த்தால்தான் அதற்கு ஈடாகும். நாவலின் கட்டுமானத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் நடந்திருக்கின்றன; கல்லூரிகளில் ஆராய்ச்சிகளும் நடந்திருக்கின்றன. இருந்தும் கடைசிப் பாகம் ஏன் இவ்வளவு பெருத்தது, அது அவசியத்தால் விளைந்ததா அல்லது விடைபெற மனமில்லாத ஆசிரியரின் தயக்கத்தால் விளைந்ததா என்ற கேள்வியைச் சாதாரண வாசகர் பேச்சில் நான் அதிகம் கேட்டதில்லை. பாகம் பாகமாகப் படித்து, பாகம் பாகமாகக் குறிப்பு எழுதி வருகிறவனுக்கு அந்தக் கேள்வி தானாகவே எழும். ஏனென்றால் ஐந்தாவது புத்தகத்தைக் கையில் எடுத்தவுடனேயே அதன் கனம் அவனுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். நூலின் பெயருக்கு உரியவனான அருள்மொழிவர்மனை, கதை நடக்கிற காலத்தில், நாம் நேருக்கு நேர் சந்திப்பது இரண்டாம் பாகத்தில், ஈழநாட்டில்தான். முதற்பாகம் முழுவதும் அவன் பிறருடைய பேச்சிலும், முன்பு நடந்ததாகச் சொல்லப்படுகிற சம்பவங்களிலுமே உலவுகிறான். வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப் பெருக்கன்று குதிரைமேல் வருகிற வந்தியத்தேவனோடு புறப்படுகிற வாசகன், முதற்பாகத்தின் கடைசிப் பக்கத்தில் புத்தகத்தை மூடும்போது, ‘இந்தக் கதைக்கு நாயகன் யார்?’ என்று கேட்டால் அதில் தவறே இல்லை. அப்போது அது மிக நல்ல கேள்வி. ஐந்து பாகங்களையும் முடித்தவன் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டான். அவனுக்கு விடை தெரிந்துவிட்டது என்பது மட்டும் காரணமன்று. அப்படி ஒரு கேள்வி தன் மனத்தில் எழுந்திருந்தது என்பதையே அவன் மறந்துவிடுகிறான். முதற்பாகத்தில் ஆசிரியர் நாயகனை மறைத்து வைத்து அவனைப் பற்றிய ஆவலை எவ்வளவு சாதுரியமாக வளர்த்தார் என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடியவன், முதற்பாகத்தோடு நின்று எழுதிய வாசகன் ஒருவனே.

இன்றைய என் பேச்சின் சாரம் இதுதான்: தொடர்நூலின் நடுவில் நிற்கிற வாசகனின் அபிப்பிராயம், பூர்த்தியான வாசகனின் அபிப்பிராயத்துக்குக் கீழ்ப்பட்டதன்று, அது வேறு விதமான உண்மை, ஒருமுறை தவறவிட்டால் மறுபடியும் பெற முடியாத உண்மை. தேரோட்டத்தன்று கீழவீதி முனையில் நிற்பவன், தேர் அடுத்த வீதிக்குத் திரும்புமா, திரும்புகையில் சாயுமா என்று நெஞ்சு பதைக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நிலைக்கு வந்து சேர்ந்த தேரைப் பார்ப்பவனுக்கு அந்தப் பதைப்பு கிடைப்பதில்லை. ஆகையால் ஒவ்வொரு பாகத்தையும் முடித்த கையோடு, அடுத்த பாகத்தைத் திறப்பதற்கு முன்னால், எழுதிவிட வேண்டும். எழுதிய தேதியைக் குறிக்க வேண்டும். எந்தப் பதிப்பு என்பதையும் குறிக்க வேண்டும்; கல்கியின் நூல்கள் நாட்டுடைமையான பிறகு பல பதிப்பகங்கள் பல வடிவங்களில் அச்சிட்டு வருவதால், ஐந்து பாகங்களையும் ஒரே கட்டாகக் கட்டிய புத்தகத்தைப் படித்தவனும் தனித்தனிப் புத்தகமாகப் படித்தவனும் ஒரே அனுபவத்தைப் பெற்றவர்களல்லர். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் வருகிற பாகங்கள் தன் ஊகத்தைப் பொய்யாக்கிவிட்டாலும், முன்பு எழுதியதைத் திருத்தலாகாது. வேண்டுமானால் அடியில் புதிதாக ஒரு குறிப்பு எழுதிச் சேர்க்கலாம்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, அது வலுவானதுதான். பாதி மாளிகையைப் பார்த்துவிட்டுச் சிற்பியின் திறமைக்குத் தீர்ப்பு எழுதலாமா, முழுவதும் வரும்வரை வாய் மூடியிருப்பதல்லவா மரியாதை என்று கற்றறிந்தவர்கள் கேட்பார்கள். பிரெஞ்சு நாவலாசிரியர் மார்சல் புரூஸ்த்துக்கு நேர்ந்ததை அவர்கள் சுட்டிக்காட்டலாம். ஏழு பகுதிகள் கொண்ட அவருடைய மாபெரும் நாவலின் முதற்பகுதியைப் பிரசுரகர்த்தர்கள் ஏற்க மறுத்தார்கள். மறுத்தவர்களுள் ஆந்திரே ழீத் போன்ற பெரிய எழுத்தாளரும் இருந்தார். 1913ல் ஆசிரியர் தம் சொந்தச் செலவிலேயே அதை வெளியிட வேண்டியதாயிற்று. வெளிவந்த பிறகும் விமரிசகர்கள் பலர், இதற்கு உருவம் இல்லை, கட்டுக்கோப்பு இல்லை, நினைவுகளைத் தோன்றியபடி கொட்டியிருக்கிறார் என்று குறை கூறினார்கள். ஆனால் நாவலின் கட்டுக்கோப்போ கடைசிப் பகுதியில்தான் முழுமையாகப் புலப்படக்கூடியதாக அமைக்கப்பட்டிருந்தது. 1922ல் புரூஸ்த் காலமானார். அந்தக் கடைசிப் பகுதி அச்சில் வந்தது 1927ல். பதினான்கு வருஷங்கள் காத்திருந்தால்தான் நியாயமான தீர்ப்பு வழங்கியிருக்க முடியும்.

ஆனால் அந்த வரலாற்றிலேயே இன்னும் சற்று உள்ளே சென்று பார்த்தால், அது என் கட்சிக்கே சாட்சியாகிறது. 1914ஆம் ஆண்டின் ஆரம்பத்தில், முதற்பகுதியை மட்டுமே படித்திருந்த ழாக் ரிவியேர் என்ற இளம் விமரிசகர் ஆசிரியருக்கு எழுதினார். புரூஸ்த் அதற்கு அனுப்பிய பதிலில், தம்முடைய நூல் ஒரு திட்டத்தோடு எழுப்பப்பட்ட கட்டடம் என்பதை ஊகித்தறிந்த வாசகர் ஒருவர் கடைசியில் கிடைத்துவிட்டார் என்று தம் மகிழ்ச்சியைத் தெரிவித்தார். அதே பகுதிதான், அதே பக்கங்கள்தாம். உருவம் இல்லை என்று சொன்னவர்கள் முழு நூலுக்குத் தீர்ப்பு வழங்கினார்கள். ரிவியேரோ கையிலிருந்த பகுதியை ஊன்றிப் படித்து, வரப்போவது பற்றி ஒரு நம்பிக்கையைத் தெரிவித்தார். ழீத்தும் அதே சமயத்தில், தாம் மறுத்தது பெரும் பிழை என்று ஆசிரியருக்குத் தாமே கடிதம் எழுதினார். கௌரவம் குறைந்துவிடும் என்று அவர் அஞ்சவில்லை. ஆகவே பாகத்துக்கு மதிப்புரை எழுதுவதில் அபராதம் ஒன்றுமில்லை. பாகத்தைப் படித்துவிட்டு முழுமைக்குத் தீர்ப்பு எழுதுவதுதான் அபராதம். ‘இதுவரை’ என்கிற ஒரு சொல்லை மறக்காமல் எழுதத் தெரிந்தவன் எத்தனை பாகம் உள்ள நூலுக்கும் அச்சமின்றி மதிப்புரை எழுதலாம்.

நடுப் பாகங்களைப் பற்றித் தனியே கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு ஒருவிதமான பிடிவாதம் உண்டு என்பதை நண்பர்கள் அறிவார்கள். ‘பொன்னியின் செல்வன்’ நமது நாட்டில் முடிவடைந்த அதே 1954ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் டோல்கீன் என்ற ஆக்ஸ்போர்டுப் பேராசிரியரின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வெளிவரத் தொடங்கியது. அவர் அதை ஒரே நூலாகவே எழுதியிருந்தார். மூன்று பாகங்களாகப் பிரித்தது அச்சுச் செலவையும் தாள் விலையையும் நினைத்துக் கவலைப்பட்ட பதிப்பகத்தாரின் ஏற்பாடு. கவிஞர் ஆடன் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் அதன் முதற்பாகத்தைப் பாராட்டி எழுதினார். மூன்றாம் பாகத்துக்கும் அதே பத்திரிகையில் எழுதினார். இரண்டாவதற்கு எழுதியவர் வேறொருவர். ஆசிரியரின் ஆப்த நண்பரான சி. எஸ். லூயிஸ் முதற்பாகத்துக்கு ஒரு மதிப்புரையும், மற்ற இரண்டு பாகங்களையும் சேர்த்து ஒரு மதிப்புரையும் எழுதினார். இவ்வாறாகப் பெரியவர்கள் கையிலும் நடுப்பாகம் பாதி மதிப்புரையோடு திருப்தியடைய வேண்டியதாயிற்று. பிறந்த குழந்தையைப் பார்க்க ஊரே வருகிறது, கல்யாணத்துக்கும் ஊரே வருகிறது, நடுவே பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த ஆண்டுகளைப் பெற்றவர்களைத் தவிர யாரும் கவனிப்பதில்லை.

கல்கியின் மூன்றாம், நான்காம் பாகங்களுக்கும் இதே கதிதான். வாசகர்கள் கூடிப் பேசுகிற இடங்களில் வீரநாராயண ஏரியும் கடம்பூர் மாளிகையின் முதல் இரவும் வரும். ஈழத்துக் காடுகளும் புயலும் வரும். பிறகு பேச்சு ஒரே தாண்டலில் கடைசிப் பாகத்துக்குப் போய்விடும். ஆனால் கதையை எழுதியவருக்கு மிகக் கடினமாக இருந்திருக்கக்கூடிய பகுதி அந்த இடைப்பட்ட தொண்ணூற்றிரண்டு அத்தியாயங்கள்தாம் என்பது என் கருத்து. திறந்துவிட்ட கிளைகள் அத்தனையையும், ஒன்றையும் உலரவிடாமலும் ஒன்றோடொன்று குழம்பவிடாமலும், ஓரிடத்துக்குக் கொண்டுவர வேண்டும். நாகைப்பட்டினத்தில் ஒருவர், பழையாறையில் ஒருவர், தஞ்சையில் ஒருவர், காஞ்சியிலிருந்து புறப்படுகிறவர் ஒருவர் என்று சிதறிக் கிடக்கிற பாத்திரங்களை வாசகன் ஒருவரையும் மறக்காதபடி நகர்த்த வேண்டும். புதிதாக ஒரு பெரிய அதிசயத்தை எடுத்துக் காட்டுவதற்கும் இல்லை, முடித்து வைப்பதற்கும் இல்லை. ஆசிரியரின் தொழில் திறமை சோதிக்கப்படும் இடம் அதுவே. நான்காம் பாகத்தில் கடம்பூரை நோக்கி எல்லாரும் குவிகிற முறையை அத்தியாயம் அத்தியாயமாகக் குறித்துக்கொண்டு வந்தால், கல்கியைப் பொழுதுபோக்கு எழுத்தாளர் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறவர்களோடு தர்க்கம் செய்வதற்கு, வெறும் அபிமானத்தைக் காட்டிலும் உறுதியான ஆதாரங்கள் கிடைக்கும். அங்கங்கே சில அத்தியாயங்கள் காலங்கடத்துவதற்காக நீட்டப்பட்டவை என்பதும் தெரியவரும். இரண்டையும் எழுத வேண்டும்.

வாரப் பத்திரிகையில் வந்த கதை என்பதையும் மறக்கலாகாது. வாரந்தோறும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, முடிந்தபின் பைண்டு செய்து, அலமாரியில் வைத்துப் போற்றிய குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனையோ இருந்தன. அவர்கள் ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏழு நாட்கள் காத்திருந்தவர்கள். அத்தியாயத்தின் இறுதியில் ஒருவர் ‘ஆ!’ என்று அலறுவதும், அடுத்ததன் தொடக்கத்தில் முன்பு நடந்ததை ஆசிரியர் நயமாக நினைவூட்டுவதும் அவர்களுக்கு உதவியாக இருந்தன. கட்டிய புத்தகத்தை இரண்டு நாளில் படிக்கிறவனுக்கு அவையே இடையூறாகத் தோன்றுகின்றன. குறை சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. குறை எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும் என்கிறேன். அந்த வார வாசகர்கள் எழுதிய கடிதங்களே தமிழில் தொடர்நூலுக்கு எழுந்த உயிருள்ள மதிப்புரைகள். கதையைத் திடீரென்று முடித்துவிட்டதாகவும், இன்னாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை என்றும் அவர்கள் முறையிட்டதன் பயனாக, கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிச் சமாதானம் கூறினார். அது இன்றும் நூலின் இறுதியில் அச்சாகி வருகிறது. கதை முடிந்த அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் காலமாகிவிட்டார். வாசகர்கள் உடனுக்குடன் எழுதாமல் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால், அந்த முடிவுரை நமக்குக் கிடைத்தே இராது.

இனி மறைக்க வேண்டியதையும் சொல்லத் தக்கதையும் பற்றிப் பேசுவோம். வாடகை நூல் நிலையங்களில் துப்பறியும் நாவல்களை எடுத்துப் படித்த என் வயதினருக்கு ஓர் அனுபவம் பொதுவாக உண்டு: பரபரப்பான கட்டத்தில், பக்கத்தின் ஓரத்தில், முன்பு படித்த புண்ணியவான் பென்சிலால் கொலைகாரன் பெயரை எழுதி அடிக்கோடும் இட்டிருப்பார். அதுவும் ஒருவகையில் மதிப்புரையைப் பகிர்ந்துகொள்வதுதான். ஆனால் அந்த உபகாரம் நமக்கு வேண்டாம். பாகம் பாகமான நூலில் இந்தத் தொல்லை பன்மடங்காகிறது. மூன்றாம் பாகத்துக்கு மதிப்புரை எழுதுகிறவன், முதல் இரண்டையும் படித்தவனுக்காக எழுதுகிறானா, ஒன்றையுமே படிக்காதவனுக்காக எழுதுகிறானா என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இருவருக்குமாக எழுத முற்பட்டால், முன்கதைச் சுருக்கத்திலேயே முக்கால் பங்கு தாளும் தீர்ந்துவிடும். மீதியில் அபிப்பிராயத்துக்கு இடம் இராது. என் யோசனை, முதல் நான்கு வரிகளை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி எழுதிவிட்டு, ‘முன் பாகங்களைப் படித்தவர்கள் மேலே படிக்கலாம்’ என்று ஒரு கோடிட்டுப் பிரித்துவிடுவது.

சரித்திர நாவலில் இந்த விதி சற்று நெகிழ்கிறது. ‘பொன்னியின் செல்வ’னில் வருகிற சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் முடிவு இராஜராஜன் ஆட்சியின் ஆரம்ப ஆண்டுகளைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டில், காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் ஆலயத்துச் சுவரில், துரோகிகளின் பெயர்களோடு வெட்டப்பட்டிருக்கிறது. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாற்றிலும் சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திர’த்திலும் அது ஆராயப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளாகக் கோயிற்சுவரில் இருக்கிற செய்தியை மதிப்புரைகாரன் மறைத்து வைப்பது எங்ஙனம்? ஆனால் அந்தக் கல்வெட்டைச் சுற்றிக் கல்கி பின்னிய வலை கல்வெட்டில் இல்லை. அதை மறைக்க வேண்டியது நம் கடமை. சிவகாமியின் கதையிலும் இவ்வாறே. நரசிம்மவர்மன் வாதாபியை வென்றான் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். போதாததற்கு, அந்த மன்னனின் பிற்கால வாழ்க்கையைச் சொல்லுகிற ‘பார்த்திபன் கன’வை ஆசிரியர் அதற்கு முன்பே எழுதி முடித்திருந்தார். ஆதலால் வாதாபி வெல்லப்படுமா என்பது அந்த நாவலின் கேள்வியே அன்று; வெற்றிக்கு யார் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. அந்த விலையைச் சொல்லிவிடாமல், அது எவ்வளவு நேர்மையாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்லுகிற மதிப்புரையே தேர்ந்த மதிப்புரை. இந்த இரண்டு நூல்களையும் எந்த வரிசையில் படிப்பது என்று என்னைக் கேட்டால், எழுதப்பட்ட வரிசையில் என்பேன். சரித்திர வரிசையில் படிக்கிறவர்கள் ‘பார்த்திபன் கன’வில் ஆசிரியர் ஒளித்து வைத்த ஒரு விஷயத்தை மிகச் சீக்கிரத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பகிர்ந்துகொள்வதைப் பற்றி இரண்டு வார்த்தை. வாசகர் கூட்டங்களில், எல்லாப் பாகங்களையும் முடித்தவர் ஒருவர் சிங்காசனத்தில் வீற்றிருப்பதும், பாதியில் இருப்பவர்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதும் வழக்கமாகிவிட்டது. அவர் ஏதாவது சொல்லிவிட்டு, ‘மேலே படியுங்கள், தெரியும்’ என்று புன்னகை செய்வார். அந்தப் புன்னகையிலேயே பாதி ரகசியம் வெளிப்பட்டுவிடும். இதற்கு மாறாக, கூட்டம் தொடங்குகையில் ஒவ்வொருவரும் தாம் எத்தனையாவது பாகத்தில் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, மிகப் பின்தங்கியிருப்பவர் எந்தப் பாகத்தில் இருக்கிறாரோ அந்த எல்லையோடு பேச்சை நிறுத்திக்கொண்டால், முடித்தவர்களுக்கும் ஒரு லாபம் உண்டு. தாம் அறிந்ததை மறந்துவிட்டு அந்தப் பாகத்தை அதன் சொந்தப் பலத்தில் மட்டும் பார்க்கிற பயிற்சி அவர்களுக்குக் கிடைக்கும். நன்றாகப் பேசுகிறவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டமான விரதம்தான்.

நூல் நிலையமும் இதில் ஒரு காரியம் செய்யலாம். தொடர்நூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, பாகத்துக்குச் சில பக்கங்கள் வீதம் ஒதுக்கி, புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களை அந்தப் பாகத்துக்குரிய பக்கத்தில் பத்து வரி எழுதும்படி கேட்டுக்கொள்ளலாம். இரண்டாம் பாகத்தைத் திருப்பித் தருகிறவர் இரண்டாம் பாகத்தின் பக்கங்கள்வரைதான் புரட்டலாம் என்பது நிபந்தனை. பெயர் எழுதப் பிரியமில்லாதவர்கள் அங்கத்தினர் எண்ணை எழுதட்டும். சில ஆண்டுகளில் அந்த நோட்டு எந்தப் பத்திரிகையிலும் அகப்படாத ஒரு விமரிசன நூலாகிவிடும். ஒரே பாகத்தைப் பள்ளி மாணவியும் ஓய்வுபெற்ற தாசில்தாரும் எப்படிப் பார்த்தார்கள், எந்த இடத்தில் பலர் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டார்கள், எந்தப் பாகத்துக்குப் பிறகு எழுதுகிறவர்களே குறைந்துவிட்டார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகிவிடும். பாதியில் நிறுத்தியவர்களும் அவசியம் எழுத வேண்டும். மூன்றாம் பாகத்தோடு ஒருவர் ஏன் நிறுத்தினார் என்று அறிவது, முடித்தவர் ஏன் மெச்சினார் என்று அறிவதைவிடச் சில வேளைகளில் அதிகப் பிரயோஜனமுள்ளது.

காரியதரிசி அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். இங்கே கூடியிருக்கும் அங்கத்தினர்களிடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, நீங்கள் படித்துள்ள ஏதேனும் ஒரு தொடர்நூலின் நடுப்பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு மிகாமல், தேதியும் பதிப்பும் குறித்து ஒரு மதிப்புரை எழுதிக்கொண்டு வாருங்கள். முதற்பாகத்துக்கும் கடைசிப் பாகத்துக்கும் எழுதியவர்கள் வேண்டிய அளவு இருக்கிறார்கள்.